விதையோடு வரும் கருகல்

(முதலியார்பேட்டையில் வீட்டுத் தோட்டக்காரர்களும் உழவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலியார்பேட்டையில் வந்து அவரைச் செடியின் நோயைப் பற்றிப் பேசுகிறானே, இங்கே வயல் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கடலூர் சாலையின் இருபுறமும் கடைகள்; மரப்பாலத்தில் நாள் முழுக்க வண்டி நெரிசல். ஆனாலும் மொட்டை மாடியில் பந்தல் போட்டு அவரை ஏற்றுகிற தாய்மார்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாகூர்ப் பக்கமிருந்து வந்திருப்பவர்கள் நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து தெளிக்கிறவர்கள். கொத்தவரை, காராமணி போடுகிறவர்களும் உண்டு. எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். இவற்றுக்கு வரும் பாக்டீரியாக் கருகலும் பெரும்பாலும் ஒரே வம்சம். சாந்தோமோனாஸ் என்பது அதன் பெயர். பீன்ஸையும் அவரையையும் தாக்குவது ஒரு வகை, காராமணிக்கு வேறு வகை, கொத்தவரைக்கு இன்னொன்று. கொத்தவரையைக் கருக்கும் பாக்டீரியாவுக்கு 1953இல் பெயர் சூட்டியவர்கள் புனேயில் பணியாற்றிய எம்.கே. பட்டேலும் அவருடைய சகாக்களும். அந்தக் காலத்தில் இந்தியாவில் செடிகளின் பாக்டீரியா நோய்களை அவரளவுக்குத் தேடிப் பிடித்தவர்கள் அரிது. பாசிப்பயறிலும் மற்றப் பயறுகளிலும் இவ்வகை நோய்கள் நம் நாட்டில் இருப்பதைப் பி.என். பட்டேலும் ஜே.கே. ஜிண்டாலும் 1972இல் எழுதினார்கள். இரண்டு பட்டேல்களும் வேறு வேறு ஆட்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்று நான் பேச வந்தது மருந்தைப் பற்றி அல்ல. நோயை அடையாளம் காண்பதைப் பற்றி. இலையில் மஞ்சள் தெரிந்ததும் கடைக்குப் போய், "இதுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். கடைக்காரரும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறார். அவர் மேல் குற்றமில்லை. அவர் செடியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்.

எப்படிப் பார்ப்பது? காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் பாருங்கள். சந்தேகப்பட்ட இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பாக்டீரியா நோய் தொடங்கும்போது வடையின் எண்ணெய் பட்ட காகிதம் போல அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவித் தெரியும். இதைத்தான் நீரூறிய புள்ளி என்கிறோம். இலை நரம்பு தடுப்பதால் புள்ளி பெரும்பாலும் கோணல்மாணலாக இருக்கும். சில நாளில் நடுப்பகுதி பழுத்துப் பழுப்பாகக் காயும்; அதைச் சுற்றி எலுமிச்சை நிறத்தில் ஒரு குறுகிய கரை கட்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்து இலையின் ஓரம் தீய்ந்துபோகும். தீய்ந்த இலை உடனே உதிராமல் செடியிலேயே தொங்கும். காயில் பாருங்கள்: முதலில் வட்டமான ஈரப்புள்ளி, பிறகு அதற்குச் செம்பழுப்பு ஓரம். மழை நாளில் அந்தப் புள்ளியின் மேல் மஞ்சள் பசை கசிந்து, வெயிலில் காய்ந்து மெல்லிய ஏடாகப் படியும். அந்தப் பசை முழுவதும் பாக்டீரியா. காராமணியில் இன்னொரு குறியும் உண்டு. தண்டு வெடித்துப் புண்ணாகும், காற்றடித்தால் அந்த இடத்திலேயே முறியும்.

இனி, ஏமாற்றுகிற நோய்கள். நம் ஊரில் முதலாவது மஞ்சள் தேமல். அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. இலை முழுக்கப் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும்; ஆனால் நீரூறிய புள்ளி இருக்காது, மஞ்சள் பட்ட இடம் உடனே காய்ந்து தீய்வதும் இல்லை. உளுந்தில் நீங்கள் பார்க்கும் மஞ்சளில் பெரும்பங்கு இதுதான். இதற்குப் போய்ப் பாக்டீரியா மருந்து அடிப்பது காசைக் கால்வாயில் கொட்டுவது. இரண்டாவது, பூஞ்சையால் வரும் ஆந்த்ராக்னோஸ். காயில் குழிந்த கரும்புள்ளி, ஈரம் பட்டால் நடுவே இளஞ்சிவப்புக் கசிவு. நிறத்தைக் கவனியுங்கள்: இளஞ்சிவப்பு என்றால் பூஞ்சை, மஞ்சள் என்றால் பாக்டீரியாவைச் சந்தேகப்படலாம். மூன்றாவது, வெயில் உச்சியில் உரமோ மருந்தோ தெளித்து இலை வெந்துபோவது. அதுவும் ஓரம் காய்ந்து கருகல் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே நாளில் எல்லாச் செடியிலும் வந்து, பிறகு பரவாமல் நின்றுவிடும். நோய் என்றால் ஒரு செடியில் தொடங்கி மழை அடித்த திசையில் நகரும்.

பீன்ஸில் இன்னொரு பாக்டீரியா நோய் உண்டு; ஒளிவட்டக் கருகல். இது சூடோமோனாஸ் வகை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து பர்க்கோல்டர் 1926இல் விவரித்தது. சின்னப் புள்ளியைச் சுற்றி அகலமான வெளிர்மஞ்சள் வட்டம். அந்த வட்டத்தில் பாக்டீரியா இருக்காது. அது சுரக்கும் நஞ்சு பரவிய எல்லை அது. புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாடி அவரையில் மஞ்சள் கண்டதும் "ஒளிவட்டம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. இங்கேதான் ஊரைக் கேட்க வேண்டும். அந்த நோய் 16 முதல் 20 டிகிரி வரையான குளிரில்தான் மஞ்சள் வட்டத்தைக் காட்டும். 28 டிகிரியைத் தாண்டினால் வட்டமே தோன்றாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பீன்ஸ் தோட்டத்தில் அதைத் தேடலாம். சாந்தோமோனாஸ் கேட்பதோ 28 முதல் 32 டிகிரி. அது நம் புதுச்சேரியின் வெப்பம். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றோடு அடிக்கும் அந்த மாதிரி மழைதான் இந்த நோயின் வாகனம். மழைத்துளி புண்ணில் பட்டுத் தெறிக்கும். இலையில் மணல் உரசிய கீறல் வழியாகவும் இலைத்துளை வழியாகவும் பாக்டீரியா உள்ளே போகும். தோட்டத்தில் ஒரு நோயைப் பார்த்தால் இலையோடு சேர்த்து நாள்காட்டியையும் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

செடிக்குப் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதையே ஒருகாலத்தில் பெரிய அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1878இல் அமெரிக்காவின் இல்லினாயில் தாமஸ் பர்ரில் பேரி மரத்தின் கருகலுக்குப் பாக்டீரியாதான் காரணம் என்றார். 1897இல் எர்வின் ஸ்மித் நாம் பேசும் இதே பீன்ஸ் கருகலின் பாக்டீரியாவை விவரித்துப் பெயர் வைத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் ஆல்பிரட் ஃபிஷர் ஒரு நூலில், செடியின் உயிரணுவுக்குள் பாக்டீரியா நுழையவே முடியாது, நீங்கள் பார்ப்பதெல்லாம் செத்த பகுதியில் பின்னால் வந்து குடியேறியவை என்று அடித்துச் சொன்னார். ஸ்மித் விடவில்லை. 1899 முதல் 1901 வரை ஆய்விதழில் இருவரும் மோதிக்கொண்டார்கள். ஸ்மித்தின் எழுத்தில் காரம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் கையில் சான்று இருந்தது: நோயுற்ற செடியிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்து, நல்ல செடியில் ஏற்றி, அதே நோயை வரவழைத்து, அதிலிருந்து அதே பாக்டீரியாவை மறுபடி எடுத்துக் காட்டினார். ஃபிஷரின் கேள்வியை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அழுகின இலையில் எதைத் தேடினாலும் பாக்டீரியா கிடைக்கும். அது நோயின் காரணமா, நோய்க்குப் பின் வந்த விருந்தாளியா என்ற கேள்வி இன்றைக்கும் ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் எழுகிறது. ஸ்மித்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் ஹெட்ஜஸ் என்ற அம்மையார் 1922இல் பீன்ஸின் பாக்டீரியா வாடல் நோயைக் கண்டுபிடித்தார். வெள்ளைப் பீன்ஸ் விதையை மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் ஊதாவாகவும் நிறம் மாற்றுகிற நோய் அது.

விதை என்றதும் இன்றைய பேச்சின் நடுப்புள்ளிக்கு வந்துவிட்டோம். இந்தப் பாக்டீரியா நோய்கள் எல்லாமே விதைக்குள் உட்கார்ந்து ஊர் விட்டு ஊர் போகும். காயின் மூட்டு வழியாகவும், விதையைக் காயோடு இணைக்கும் காம்பு வழியாகவும் பாக்டீரியா விதைத்தோலுக்குள் இறங்குகிறது. விதை காய்ந்து கிடக்கும்போது அதுவும் சும்மா கிடக்கும். கருகல் பாக்டீரியா சேமித்த விதையில் 15 ஆண்டு உயிரோடு இருந்தது என்று ஆய்வு உண்டு. வாடல் பாக்டீரியா 24 ஆண்டு வரை. விதையின் முளைப்புத் திறன் போன பிறகும் நோயின் முளைப்புத் திறன் போவதில்லை!

ஆகவே விதையைப் பாருங்கள். தட்டில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். சுருங்கிய விதை, பளபளப்பு மங்கிய விதை, விதைத்தழும்பைச் சுற்றி மஞ்சள் கறை படிந்த விதை இவற்றைப் பொறுக்கித் தள்ளலாம். வெள்ளை விதையில் கறை தெரியும். கறுப்பு மொச்சையிலும் சிவப்புக் காராமணியிலும் எதுவும் தெரியாது. இன்னும் சங்கடமான செய்தி, வெளியே ஒரு கறையும் இல்லாமல் உள்ளே பாக்டீரியாவைச் சுமக்கிற விதைகளும் உண்டு என்பது. பொறுக்குவது நல்ல பழக்கம். அதை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

அடுத்த படி, முளைக்க வைத்துப் பார்ப்பது. கழுவிய ஆற்றுமணலில் விதையைப் போட்டு, மேலே பாலித்தீன் தாள் மூடி, ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்திருங்கள். விதையிலையில் நீரூறிய புள்ளி வருகிறதா, முதல் ஜோடி இலையில் கோணல் புள்ளி வருகிறதா, கொழுந்தே கருகி மொட்டையாக நிற்கிற நாற்று உண்டா என்று பார்க்க வேண்டும். 100 விதை போட்டுப் பார்த்தேன், எல்லாம் சுத்தம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கணக்கைக் கேளுங்கள். ஆயிரத்துக்கு இரண்டு விதை நோய் சுமக்கிற மூட்டையில் 100 விதையை எடுத்தால், அதில் ஒரு நோய் விதையாவது அகப்படும் வாய்ப்பு 18 விழுக்காடுதான். மீதி 82 விழுக்காடு நாம் ஏமாறுவோம். 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் 1500 விதை போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் நடக்கிற காரியமா இது? ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கான விதையைச் சோதிப்பதன் காரணம் இதுதான்.

ஆயிரத்துக்கு இரண்டு என்று நான் சும்மா சொல்லவில்லை. நம் நாட்டு விதைச் சான்றளிப்புத் தரநிலையில் பீன்ஸ் வயலில் விதைவழி நோய் தாக்கிய செடிகள் ஆதார விதைக்கு 0.10 விழுக்காடு, சான்று விதைக்கு 0.20 விழுக்காடு வரை அனுமதி. பாக்டீரியாக் கருகல் அந்த நோய்களில் ஒன்று. 30க்கு 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 90 ஆயிரம் செடி, 0.20 விழுக்காடு என்றால் 180 செடி. ஒளிவட்டக் கருகலைப் பற்றி வாக்கர் என்ற ஆய்வாளரும் பி.என். பட்டேலும் 1964இல் எழுதியது என்ன? ஏக்கரில் ஆங்காங்கே ஒரு டஜன் நோய் விதை சிதறிக் கிடந்தால் போதும், வயல் முழுக்க நோய் பரவிவிடும் என்று. முன்னே சொன்ன அதே பட்டேல்தான். அது குளிர்நாட்டுக் கணக்கு, வேறு பாக்டீரியா. அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் 180க்கும் 12க்கும் நடுவே இருக்கும் தூரம் என்னை உறுத்துகிறது. நீல அட்டைச் சான்று விதை வாங்குவது நல்லது, வாங்குங்கள். அட்டை இருந்தால் நோயே இல்லை என்று மட்டும் பொருள் கொள்ளாதீர்கள். கடையில் கிடைக்கும் காய்கறி விதைப் பொட்டலங்களில் பெரும்பாலானவை சான்று விதையும் அல்ல. நிறுவனமே உண்மைநிலை அட்டை ஒட்டி விற்பவை.

அமெரிக்கர்கள் இதற்கு இடம் மாற்றித் தீர்வு கண்டார்கள். மழை பெய்யும் கிழக்குப் பகுதியில் பீன்ஸ் விதை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, மழையே அதிகம் இல்லாத ஐடஹோ போன்ற மேற்கு மாநிலங்களில் வாய்க்கால் பாசனத்தில் எடுத்தார்கள். இலையில் நீர் படாவிட்டால் பாக்டீரியாவுக்குப் பயணம் இல்லை. நாமும் அவரைக்கு வீட்டு விதை எடுக்கிறவர்கள்தானே. கார்த்திகை மழையில் நனைந்த காயை விதைக்கு விடாதீர்கள். தை, மாசி வெயிலில் முற்றும் காயை, புள்ளி இல்லாத கொடியிலிருந்து எடுங்கள்.

இந்த ஊருக்கும் விதைப் பயணத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. நமக்கு அருகிலேயே இருக்கும் தாவரவியல் பூங்கா 1826இல் அமைந்தது. பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதற்கு எத்தனையோ அயல்நாட்டுச் செடிகளைச் சேர்த்தார். 1870இல் இந்த ஊரிலேயே காலமானார். அந்நாளில் கப்பலில் வந்த விதையை நோய் உண்டா என்று சோதித்தவர் யார்? பிரிட்டிஷ் இந்தியா 1914இல் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றியபோதும் நாம் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தோம். இன்று பிரான்சில் ஆஞ்சே நகரம் இந்தத் துறையின் முக்கிய மையம்; அந்த நாட்டின் விதைச் சோதனை நிலையமும் செடிநோய்ப் பாக்டீரியாக்களின் பெரிய சேமிப்பகமும் அங்கே இருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இலைப் புள்ளியின் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பாக்டீரியா நோயானால் வெட்டிய ஓரத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வழிந்து வரும், பூஞ்சையானால் வராது. கத்தரி வாடலுக்குத் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்துப் பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இலைப்புள்ளிக்கு அந்த டம்ளர் போதாது, நுண்ணோக்கி வேண்டும். விதையானால் ஊறவைத்த நீரைத் தட்டில் ஊட்டக் கூழின் மேல் பூசி, 28 டிகிரியில் சில நாள் வளர்ப்பார்கள். சாந்தோமோனாஸ் பளபளப்பான, வழவழப்பான மஞ்சள் திட்டாக வளரும். சிக்கல் இங்கேதான்: விதையின் மேல் ஒரு தீங்கும் செய்யாமல் வாழும் வேறு பாக்டீரியாக்களும் மஞ்சளாகவே வளரும். வாடல் நோய்ப் பாக்டீரியாவும் மஞ்சள்தான். எளிய சோதனை ஒன்று உண்டு: 3 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பாக்டீரியாவைக் குழைத்துக் குச்சியால் தூக்கினால், சாந்தோமோனாஸ் கோழைபோல இழுபட்டு நூலாக வரும், வாடல் பாக்டீரியா வராது. பால் கலந்த கூழில் சாந்தோமோனாஸைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். பழுப்புச் சாயத்தைக் கூழில் கசியவிடும் உடன்பிறப்பு ஒன்றும் அதற்கு உண்டு; 2016இல் வகைபிரித்தபோது இரண்டையும் தனித்தனி இனங்களில் வைத்துவிட்டார்கள். மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் விடை தரும். ஆனால் செத்த பாக்டீரியாவின் மரபணுவையும் சேர்த்துக் காட்டிவிடும். அதனால் கடைசியில் ஸ்மித் செய்ததையே செய்கிறார்கள்: நல்ல பீன்ஸ் இலையில் ஏற்றி, நோய் வருகிறதா என்று பார்க்கிறார்கள். 120 ஆண்டுக்கு மேலாகியும் இதற்கு மாற்று வரவில்லை.

மருந்து பற்றி ஒரு சொல்லாவது சொல்லாவிட்டால் என்னை மேடையிலிருந்து இறங்க விடமாட்டீர்கள். நம் உழவர்கள் பாக்டீரியா என்றாலே கேட்டு வாங்கும் பொடி, ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் ஒன்பதுக்கு ஒன்று கலந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு முதன்முதலில் கிடைத்த பலனுள்ள மருந்து. அதை வயலில் கொட்டினால், மனிதனைத் தாக்கும் கிருமிகளும் அதற்குப் பழகிப்போகும் என்ற அச்சத்தில்தான் 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அதைப் பயிர்ப் பயன்பாட்டிலிருந்து விலக்கும் நடவடிக்கையை அறிவித்தது. வைரஸ் தேமலுக்கும் வெயில் கருகலுக்கும் அதை அடித்தது எவ்வளவு என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போர்டோ கலவை பரவாயில்லை. பிரான்சின் போர்தோவில் மில்லார்தே 1885இல் திராட்சைக்காக அறிவித்தது அது. மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். அது நல்ல இலையைக் காக்கும். நோய் புகுந்த இலையைத் திருப்பித் தராது. மாடித் தோட்டக்காரர்களுக்குச் செலவில்லாத வழி உண்டு: குழாயைப் பிடித்து இலைமேல் பீய்ச்சாமல் தொட்டியின் அடியில் நீர் ஊற்றுங்கள், செடி ஈரமாக இருக்கும்போது காய் பறிக்காதீர்கள். நோய் கண்ட செடியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். அதே தொட்டியில் அடுத்த பருவம் வெண்டையோ கத்தரியோ வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் செடியில் சந்தேகம் வந்தால் முதலில் எதையும் தெளிக்காதீர்கள். தெளித்த இலையில் பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பது கடினம். புள்ளி புதிதாகத் தொடங்கிய இலை சிலவற்றையும் ஒரு காயையும் பறித்துச் செய்தித்தாளில் மடியுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். என்ன ரகம், எப்போது விதைத்தது, கடைசியாக எப்போது மழை பெய்தது என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். குரும்பாப்பேட்டையில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காரைக்காலில் இருப்பவர்களுக்கு ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே கொண்டு போங்கள். விதைத்ததும் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடாமல் அறுவடை வரை எடுத்து வைத்திருங்கள். குவியல் எண் அச்சிட்ட அட்டையோடு அதையும் இலையுடன் சேர்த்துக் கொடுங்கள்.